ஒச்சம்மாளுக்குத் திருப்பித் தராத தவுடு

உ

போடிநாயக்கனூர்
14.5.1983

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா வீரணன் எழுதிக்கொண்டது.

நீயும் மாப்பிள்ளை ராக்கையாவும் பேத்தி பொன்னுமணியும் அந்தச் சீமைக் குளிருல தடுமன் இருமல் இல்லாம இருக்கணும்னு குலசாமியை வேண்டிக்கிட்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம்னு எழுதுறதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரலை. நான் சுகம், கொஞ்சம் இழுப்பு இருக்கு, அது பழசு. உங்க ஆத்தா சுகமில்லை. மதுரை ஆஸ்பத்திரியில வயித்துக்கட்டி பரவிப்போச்சு, இனி வீட்டுல வச்சு அவுகளுக்குப் பிடிச்சதைக் குடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாக. பிடிச்சதைக் குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னா அவருகிட்ட வேற மருந்து இல்லைன்னு அர்த்தம், நர்சு வேலை பார்க்கிற உனக்கு அதை நான் விளக்கணுமா. கஞ்சித்தண்ணி ரெண்டு மடக்கு இறங்குது, அதுல ஒரு மடக்கு திரும்பி வந்துருது. பக்கத்து வீட்டுச் சந்திரவல்லி காலையில வந்து மேலுக்குத் துடைச்சு விட்டுப் போறா, மத்த நேரம் நான்தான். மழை பேஞ்சு எத்தனையோ மாசமாச்சு. மலையில ஏலக்காய்ச் செடி பூராம் வைக்கோலாக் காய்ஞ்சு கெடக்கு. இந்த வருசம் போடியில ஏலக்கா வாசனையே இல்லை தாயி, கடைவீதியில புழுதி வாசனைதான் அடிக்குது.

உன் கடுதாசி வந்துச்சு. முதத்தடவை வாசிச்சப்பக் கோபம் வந்துச்சு, ரெண்டாந்தடவை வாசிச்சப்பக் கோபம் போயிருச்சு. பொன்னுமணி பள்ளிக்கூடத்து டீச்சர் உன்னைக் கூப்பிட்டு, சாயங்காலம் கேட்டுல மத்தப் பிள்ளைகள்லாம் ஆத்தாளைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கிருதுக, உங்க பிள்ளை மட்டும் பையை எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல நின்னுக்கிருது, நீங்களும் அதைத் தொடாமக் கூட்டிட்டுப் போறீங்க, வீட்டுல ஏதும் சங்கடமான்னு கேட்டதாவும், பிள்ளையைப் பாம்பர் பண்ணி ஸ்பாயில் ஆக்க எனக்கு விருப்பமில்லைன்னு நீ சொன்னதாவும், அந்தம்மா சிரிச்சுக்கிட்டே ரெண்டும் ஒண்ணு இல்லையேன்னு சொன்னதாவும் எழுதியிருக்கே. அப்புறம் நீ, வீட்டுக்கு வந்து டிக்ஷனரியை விரிச்சு வச்சுப் பார்த்தேன், பாம்பர், ஸ்பாயில், காடில், இண்டல்ஜ், டோட், செரிஷ்னு இந்த ஊருல பிரியம் வைக்கிறதுக்கு இம்புட்டு வார்த்தை இருக்கு, நம்ம ஊருல செல்லம்னு ஒண்ணே ஒண்ணுதான், அதையும் தம்பிக்கே குடுத்து முடிச்சுட்டீக, நீங்கதான் துரைகிட்ட இங்கிலீஷ் பழகினவராச்சே, இதுல எதை ஆத்தா எனக்குச் செஞ்சான்னு சொல்லுங்கப்பான்னு கேட்டிருக்கே. கடைசியில ஒரு வரி. ஆத்தா தன் வாயால வான்னு சொன்னா மறுநாளே டிக்கெட் எடுக்கிறேன், நீங்களாச் சொன்னா வரமாட்டேன், பொய் சொன்னா எனக்குத் தெரியும்னு. அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. எடுத்த எடுப்புல அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால முதல்ல வார்த்தைகளைப் பார்த்துருவோம். அதுவாவது என்னால முடியுற சோலி.

நம்ம ஊருல ஒரு வார்த்தைதான் இருக்குன்னு எழுதினது தப்பு. கொஞ்சுறது வேற, சீராட்டுறது வேற, இடம் குடுக்கிறது வேற, பொத்திப் பொத்தி வளர்க்கிறது வேற, கண்ணுக்குள்ள வச்சுக்கிறது வேற. நீ லீட்ஸுல போயி உக்காந்துக்கிட்டு மறந்துட்டா அதுக்குத் தமிழ் என்ன பண்ணும். இங்கிலீஷ் வார்த்தைக்குத்தான் எனக்கும் சந்தேகம். பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் நடத்தி ரிட்டயரான பால்சாமி வாத்தியார்கிட்ட கொண்டுபோனேன். அவரு கண்ணாடியை மாட்டிப் பார்த்துட்டு, எல்லாம் செல்லந்தான்யா, பரீட்சைக்கு வராத வார்த்தைக, காப்பி குடிக்கிறியான்னாரு. காப்பி நல்லா இருந்துச்சு. குடிச்சுட்டுத் தெருவுல இறங்கிட்டேன், மறுபடி கூப்பிட்டு, அந்த டோட் மட்டும் வேறய்யா, அது கண்ணை மூடிக்கிட்டு வைக்கிற பிரியம், வயசாகிப் புத்தி தளர்ந்தவுகளுக்கும் அந்த வார்த்தையிலேருந்துதான் ஒரு பேரு வச்சிருக்கான்னு சொன்னாரு. அப்ப அது எனக்குத்தான் பொருந்தும். பொன்னுமணி போட்டோவை மேசையில வச்சுக்கிட்டு, மூக்கு சப்பையா இருக்கேன்னு சந்திரவல்லி சொன்னதுக்கு அவகிட்ட ரெண்டு நாளாப் பேசாம இருந்தேன். பிள்ளைக்கு மூக்கு சப்பைதான்.

பாம்பர்ங்கிற வார்த்தையை நான் முதல்ல கேட்டது குரங்கணிக்கு மேல எஸ்டேட்டுல கணக்கு எழுதுற ரைட்டரா இருந்தப்ப, நீ பிறக்கிறதுக்கும் முன்னால. துரைசாணி ஒரு நாய் வச்சிருந்துச்சு. மழைக்காலம் வந்தா அதுக்குக் கம்பளியில சட்டை, கோழிச்சாறு, கணப்புக்குப் பக்கத்துல மெத்தை. என்னைப் பார்த்து, நான் இதை ரொம்பப் பாம்பர் பண்றேன், இல்லையா ரைட்டர்னு கேட்டுச்சு. கூலிக்காரப் பிள்ளைக மழையில சாக்கு போட்டுக்கிட்டு நிக்கிற ஊருல நான் என்னத்தைச் சொல்ல. ஆனா ஒண்ணு, அந்த நாய் கெட்டுப்போகலை. காட்டுப்பன்னி வந்தா மெத்தையை விட்டு முதல்ல எந்திரிச்சு ஓடுறது அதுதான். அதனால பாம்பர்ங்கிறது உடம்புக்குச் செய்யுற இதம், அம்புட்டுத்தான், அதுல குத்தமில்லை. ஸ்பாயில்னா அதுக்கப்புறம் ஆள் கெட்டுப்போயிருக்கணும். செஞ்சதை வச்சுச் சொல்ற வார்த்தை இல்லை, ஆனதை வச்சுச் சொல்றது. உங்க டீச்சர் சொன்னது சரிதான்.

ஆனதுக்கு நம்ம வீட்டுலயே ஆள் இருக்கான். உன் தம்பி காசிமாயனுக்குப் பத்து வயசு வரைக்கும் மீனுல முள் எடுத்துக் குடுத்தது யாரு, தூத்தல் விழுந்தாப் பள்ளிக்கூடம் போகவேணாம்னு தூக்கிவச்சுக்கிட்டது யாரு. அதுதான் காடில். ஏல நாத்தங்காலுல பந்தல் அடர்த்தியாப் போட்டுட்டா நாத்து நெடுநெடுன்னு வெளுத்து வளரும், பார்க்க அழகா இருக்கும், பிடுங்கி மலையில நட்டா முதக் காத்துக்கே மடங்கிரும். இண்டல்ஜ்னா கேட்டதைக் குடுக்கிறது. ஜீப்பு வேணும்னான், வாங்கிக் குடுத்தோம், நானுந்தான் அதுக்குக் கூட்டு. இப்ப அவன் அந்த ஜீப்புலதான் வாசலுக்கு வர்றான். ஹாரன் அடிப்பான், நான் வெளிய போனா ஆத்தா எப்படியிருக்குன்னு கேப்பான், ஆப்பிள் பொட்டலத்தை என் கையில குடுப்பான், கண்ணு கலங்கிரும், லோடு இருக்குன்னு சொல்லிட்டு வண்டியைத் திருப்பிருவான். உள்ள வரமாட்டான். அந்த நோய் வாடையை அவனால தாங்க முடியலையாம். கெட்டவன் இல்லை தாயி, சிரமம்னா இன்னதுன்னு ஒருத்தரும் அவனுக்குக் காட்டலை. அவன் வண்டிச் சத்தம் கேட்டா உங்க ஆத்தா, அவன் சாப்பிட்டானான்னு மட்டும் கேப்பா. உனக்கு என்ன பிடிக்கும் சொல்லு, டாக்டர் குடுக்கச் சொல்லியிருக்காருன்னு நானும் தினம் கேக்குறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறா. ஒண்ணுமே கேக்காதவளுக்கு எப்படி இண்டல்ஜ் பண்றது.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். நீ எழுதியிருக்கிறது அத்தனையும் நடந்ததுதான், நான் இல்லைன்னு சொல்லலை. உன் தலையைச் சீவிச் சடை போட்டுவிட்டது சந்திரவல்லி. உன்னை மடியில போட்டுக்கிட்டது நான். உங்க ஆத்தா தட்டுல சோத்தைப் போட்டு உன் பக்கமாத் தள்ளிவிடுவா, மகளேன்னு கூப்பிட்டதே இல்லை, ஏ ஒச்சம்மா மகளேன்னுதான் கூப்பிடுவா, அதை வசவுன்னு நினைச்சுக்கிட்டே நீ வளர்ந்தே. உன்னைத் தவுட்டுக்கு வாங்கினோம்னு தெருவுல கேலி பேசுவாக, எல்லா வீட்டுலயும் ஏதாவது ஒரு பிள்ளையைச் சொல்ற கேலிதானேன்னு நீ சிரிச்சுக்கிட்டுப் போயிருவே. அது கேலி இல்லை. உனக்கு முன்னால மூணு பிள்ளைக எஸ்டேட்டு வீட்டுலயே எங்களுக்குத் தங்காமப் போச்சு. அதுல ரெண்டு உங்க ஆத்தா மடியிலயே போச்சு. நாலாவதா நீ பிறந்தப்ப, வழக்கப்படி உன்னைக் குப்பைமேட்டுல போட்டோம். கூலிக்காரக் குடியிருப்பு லயத்துல இருந்த ஒச்சம்மா, அவளுக்குப் பிள்ளைக எல்லாம் கெட்டியா இருந்துச்சு, வந்து உன்னை எடுத்துக்கிட்டு, முறத்துல ஒரு படித் தவுடு கொட்டி உன்னை விலைக்கு வாங்கினா. இது இன்னொருத்தி பிள்ளை, இதை எடுத்து உனக்குப் பிரயோசனமில்லைன்னு எமனுக்குச் சொல்றதுதான் அது. மத்தவுக அன்னைக்கே தவுட்டைத் திருப்பிக் குடுத்துப் பிள்ளையை வாங்கிக்குவாக. உங்க ஆத்தா பயந்துக்கிட்டு, ஒரு வருசம் தாண்டட்டும், காதுகுத்துக்கு வாங்கிக்கலாம்னா. அதுக்குள்ள ஒச்சம்மா புருசனுக்கும் கங்காணிக்கும் அடிதடியாகி, குடும்பத்தோட மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்குப் போயிட்டாக. எங்கன போனாகன்னு தெரியலை. நீ எங்ககிட்டயே வளர்ந்தாலும் ஒச்சம்மா பிள்ளையாவே நின்னுட்டே.

வேற யாரையாவது வச்சுச் சடங்கை முடிச்சுக்கலாம்னு நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். வாங்கினவதான் விக்கணும், பிறத்தியார் பிள்ளையை நான் எப்படி எம்பிள்ளைங்கிறதுன்னு ஒரே பேச்சு. உனக்குப் பால் குடுக்கையில உன் முகத்தைப் பார்க்க மாட்டா, கூரையைப் பார்த்துக்கிட்டு இருப்பா. அஞ்சாப்புல உனக்கு அம்மை போட்டப்ப உன் கட்டில் காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தா, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அந்தக் கட்டில் காலை விடலை. நீ கேக்கலாம், தம்பியை மட்டும் எப்படிக் கொஞ்சினான்னு. நானும் கேட்டேன். முன்னால நீ இன்னொருத்தி பிள்ளையா நிக்கிறதாலதான் பின்னால வந்தவன் தப்பிச்சானாம், உன்னைக் காவலுக்கு நிறுத்தியிருக்காளாம். அந்தக் காவலுக்கும் சேர்த்து எல்லாத்தையும் அவன் மேல கொட்டினா. நீ சீமைக்குப் போற அன்னைக்கு பஸ்ஸ்டாண்டுக்கு வரலைன்னு இன்னமும் எழுதுறே. நான் உன்னை ஏத்திவிட்டுட்டு வந்து பார்த்தா ஆட்டுக்கல்லைச் சுத்திக்கிட்டு இருக்கா, குழியில அரிசியும் இல்லை உளுந்தும் இல்லை.

அந்தத் தவுடு உனக்கு ஞாபகம் இருக்கும். அடுப்படிப் பரண்ல ஒரு கலயம் இருக்குமே, நீ ஒரு தடவை எடுத்துக் கோழிக்குப் போடப் போனப்ப கையில சூடு வாங்கினியே, அதுதான். தை மாசம் தை மாசம் இறக்கி வெயிலுல காயப்போட்டு, சலிச்சு, பூச்சி தின்ன அளவுக்குப் புதுத் தவுடு கலந்து, வேப்பிலை போட்டு மூடி வைப்பா. காயப்போட்ட அன்னைக்கு வேற சோலி பார்க்க மாட்டா. பக்கத்துல உக்காந்து விரலால அளைஞ்சு விட்டுக்கிட்டே இருப்பா, பிள்ளை முதுகைத் தடவுற மாதிரி. செரிஷ்ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டப்ப, கைவிடாம அருமையா வச்சுக் காப்பாத்துறது, கல்யாணத்துல சர்ச்சுக்குள்ள நின்னு சொல்ற வார்த்தைன்னு துரைசாணி சொல்லுச்சு. உங்க ஆத்தா செரிஷ் பண்ணினது தாயி, சத்தியமாப் பண்ணினா. ஆனா உன்னை இல்லை, உன்னோட தவுட்டை. உனக்கு வரவேண்டியது அந்தக் கலயத்துக்குள்ள போச்சு. இந்த வார்த்தையை உனக்குன்னு எடுத்துக்கிட முடியுமான்னு நீயே பார்த்துக்கோ, எனக்குச் சொல்லத் தெரியலை.

ஜீப்பு ஓட்டுற உக்கிரபாண்டி போன மாசம் என்கிட்ட, பூப்பாறைக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட்டுல மருதாயின்னு ஒரு பொம்பளை இருக்கு, அவ ஆத்தா பேரு ஒச்சம்மாளாம், குரங்கணிப் பக்கத்து ஆளுகளாம்னு சொன்னான். உன் கடுதாசியும் வந்துச்சு. சரி, இப்பவாவது முடிச்சுருவோம், உங்க ஆத்தா உன்னை வான்னு சொல்லட்டும்னு, அவ கண்ணு அசந்த நேரம் கலயத்தை இறக்கி, தவுட்டை மஞ்சப்பையில கொட்டிக்கிட்டு, சந்திரவல்லியைப் பார்த்துக்கச் சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். போடிமெட்டுல செக்போஸ்டுக்காரன் பையை வாங்கி மோந்து பார்த்தான். அரிசி கடத்துறவனைப் பிடிச்சிருக்கான், ஏலக்கா கடத்துறவனைப் பிடிச்சிருக்கான், தவுடு கடத்துறவனை அன்னைக்குத்தான் பார்த்தான். எதுக்குன்னு கேட்டான். மாட்டுக்குன்னேன். எம்மக விலைன்னா சொல்ல முடியும். மேல போகப் போக ஒரு பச்சை இல்லை, நிழல் மரமெல்லாம் இலை உதிர்ந்து, தண்ணி ஓடுற ஓடையில கல்லுதான் கெடக்கு. மருதாயி வீட்டைக் கண்டுபிடிச்சேன். அங்கேயே வளர்ந்த பொம்பளை, பாதி மலையாளமாப் பேசுது. அம்மை மரிச்சுப் போயி எத்தனையோ கொல்லமாச்சு சேட்டான்னு சொல்லுச்சு, கொல்லம்னா அவுகளுக்கு வருசம். ஆனாலும் வந்த சோலியைச் சொன்னேன். அப்புறம் அது சொல்லுச்சு, எனக்குப் போடிப் பக்கம் ஒரு மக இருக்கு, அவளைத் திரும்பக் கேக்க வருவாக, வந்தாக் குடுத்துறணும்னு அம்மை சொல்லிக்கிட்டே இருக்கும்னு. தவுட்டை எடுங்கன்னு சொல்லி, முறத்தைக் கொண்டாந்து, கிழக்கே பார்த்து நின்னு வாங்கிக்கிட்டு, இந்தாங்க உங்க மகள்னு வெறுங்கையை நீட்டுச்சு. நானும் வாங்கிக்கிட்டேன். எனக்கு அழுகை வந்துருச்சு தாயி. திரும்பையில அந்தத் தவுட்டை அது கறவை மாட்டுக்குக் கரைச்சு வைக்கிறதைப் பார்த்தேன். பஞ்ச காலம், மாடு எலும்பாக் கெடக்கு. முடிஞ்சுச்சுன்னு ஒரு நிம்மதியோட மலை இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து உங்க ஆத்தாகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. ஒச்சம்மா தன் வாயால வித்தாளான்னு கேட்டா. செத்தவ எப்படி விப்பா, அவ மக குடுத்தான்னேன். மருதாயி அவளுக்கு அக்கா முறைல்ல, கூடப்பிறந்தவ எப்படிக் கூடப்பிறந்தவளை விக்க முடியும்னா. தவுடு எங்கேன்னு கேட்டா. மாடு தின்னுருச்சுன்னு சொல்ல வாய் வரலை, குடுத்துட்டேன்னு மட்டும் சொன்னேன். அப்பப் பிள்ளையும் இல்லை, தவுடும் போச்சான்னு கேட்டா. கோபமாக் கேக்கலை, அதுதான் எனக்குத் தாங்கலை. அதுக்குப் பிறகு ஒச்சம்மாளுக்காக அழுதா. அவ கண்ணுல தண்ணி வந்து நான் பார்த்தது மூணு பிள்ளைக போனப்பத்தான். அப்புறம் சொன்னா, ஒச்சம்மா மகளுக்கு எழுதிவிடுங்க, அவ ஆத்தா செத்துட்டா, தெரியாம இருந்திருக்கா, தலை முழுகச் சொல்லுங்கன்னு. சரி எழுதுறேன், கூடவே அவளை வான்னு எழுதவா, உன்னை ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டும்னு கேட்டேன். வேணாம்னா. மூணையும் இந்தக் கையாலதான் அனுப்பினேன், இது யாரோடதாவோ இருந்து உசுரோட இருக்கு, போற நேரத்துல அது மேல கையை வச்சுக் கூடக் கூட்டிட்டுப் போகச் சொல்றீகளான்னு கேட்டா. சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அதுதான் பதில் தாயி. அவ வான்னு சொல்லலை, சொல்லவும் மாட்டா. பொய் சொன்னா உனக்குத் தெரியும்னு எழுதியிருந்தே, அதனால உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன். நானாக் கூப்பிட்டா வரமாட்டேன்னும் எழுதியிருக்கே, அதனால நானும் கூப்பிடலை. கூப்பிட்டு நீ வந்து வாசல்ல நின்னாலும் அவ முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் கெடப்பா, அதைப் பார்க்க இம்புட்டுத் தூரம் எதுக்கு. கடுதாசி உன் கைக்கு வர்றப்ப அவ இருப்பாளான்னே எனக்குத் தெரியலை. மில்லுல போயி ஒரு படித் தவுடு வாங்கியாந்து கலயத்தை நிறைச்சு அவ கைப்பக்கமா வச்சேன். தொட்டுக்கூடப் பார்க்கலை. முன்னயெல்லாம் நம்பிக்கிட்டு இருந்தேன், என்னைக்காவது ஒச்சம்மா கிடைப்பா, தவுட்டைக் குடுப்போம், உங்க ஆத்தா உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுவா, அதை நான் ஒரு மூலையில நின்னு பார்ப்பேன்னு. இப்ப நம்புறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லை.

பொன்னுமணி விசயம் ஒண்ணு. சாயங்காலம் அது பையைத் தூக்கிக்கிட்டு வந்து பக்கத்துல நின்னா, குனிஞ்சு தூக்கு. பாம்பரா ஸ்பாயிலான்னு அந்நேரம் யோசிச்சுக்கிட்டு நிக்காதே. அதைப் பெத்தப்ப நீ யாருகிட்டயும் தவுடு வாங்கலை. ஆஸ்பத்திரியில ஊரார் பிள்ளைகளைத் தூக்குற கைதானே. கை வரலைன்னா வராத கையோட தூக்கு. உனக்கு அது வருமான்னு எனக்குத் தெரியலை, நீ பார்த்து வளர்ந்தது அப்படி, அதனால வரும்னு நம்பி இதை எழுதலை. எழுதாம இருக்க முடியலை, அம்புட்டுத்தான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு, இந்தக் கடுதாசியை வாசிச்சுட்டுக் கோபப்படாம இருக்கச் சொல்லு. நீங்க மூணு பேரும் உடம்பும் மனசும் நோகாம, ஒருத்தருக்கொருத்தர் துணையா நெடுங்காலம் இருக்கணும்னு மனசார ஆசீர்வாதம் பண்றேன். மறக்காம ஒச்சம்மாளுக்காகத் தலைக்கு ஊத்திக்கோ. உங்க ஆத்தா உன்னை ஒண்ணு செய்யச் சொல்லிச் சொல்லிவிட்டது இதுதான் முதத்தடவை, அதையாவது செஞ்சுரு.

இப்படிக்கு
உன் அப்பா
வீரணன்

இதுக்குக் கீழ ஒரு சாண் வெறும் இடம் விட்டிருக்கேன் பாரு. உங்க ஆத்தாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகையாவது வைக்கட்டும், உனக்கு அவ விரல் போய்ச் சேரட்டும்னு விட்டது. மையைத் தடவப் போனேன். யாருக்குன்னு கேட்டா. அன்னக்கொடிக்குன்னேன். விரலை மடக்கிக்கிட்டா. விரிச்சுப் பார்த்தேன், இந்த உடம்புலயும் அந்தக் கைக்கு மட்டும் எப்படித்தான் அம்புட்டுப் பலம் இருக்கோ, விரியலை. இடத்தை அப்படியே விட்டுட்டேன்.